பட்ஜெட்டும் வெளிநாட்டினர் மசோதாவும்: நம்ம எம்.பி.க்களிடம் என்ன கேட்கலாம்?

ஊத்தங்கரை பெயின்ட்கடை
22 மார்ச் 2025, இரவு 9.40

நேற்று மக்களவையில் பட்ஜெட் மானியக் கோரிக்கைகள் நிறைவேறிவிட்டன. மொத்தச் செலவு 50.65 லட்சம் கோடி ரூபாய். ரயில்வே மாதிரி விரல்விட்டு எண்ணக்கூடிய சில துறைகளுக்குத்தான் தனி விவாதம் நடந்தது. மீதி எல்லாவற்றையும் 'கில்லட்டின்' போட்டு, அதாவது விவாதமே இல்லாமல் மொத்தமாக ஓட்டுக்கு விட்டு, ஒரே மூச்சில் முடித்துவிட்டார்கள். எந்தக் கட்சி ஆண்டாலும் இதுதான் வழக்கம் என்பதால், இதற்காக இந்த அரசை மட்டும் திட்டப்போவதில்லை. ஆனால் இந்த அவசரத்துக்கு நடுவே இன்னொன்று சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கிறது.

மார்ச் 11 அன்று குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் மசோதாவை உள்துறை இணையமைச்சர் நித்யானந்த் ராய் தாக்கல் செய்தார். 1920, 1939, 1946, 2000 ஆகிய ஆண்டுகளின் நான்கு சட்டங்களை எடுத்துவிட்டு ஒரே சட்டமாகப் போடுகிறார்கள். முறையான பாஸ்போர்ட், விசா இல்லாமல் உள்ளே வந்தால் ஐந்து வருஷம் வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். விசா முடிந்தும் தங்கினால் மூன்று வருஷம் வரை. போலி ஆவணம் என்றால் இரண்டு முதல் ஏழு வருஷம். கள்ளப் பாஸ்போர்ட் கும்பலுக்கு இது வேண்டியதுதான், அதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை.

எனக்கு உறுத்துவது பாம்பாறு அணையில் இருக்கும் இலங்கைத் தமிழர் அகதி முகாம். என் கடையில் எமல்ஷனும் பட்டியும் வாங்குகிற பெயின்டர்களில் பாதிப் பேர் அங்கிருந்து வருகிறவர்கள். பக்கெட் மூடியை நெம்பித் திறந்து, உள்ளே இருக்கும் டோக்கனைத் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் மறுவேலை. முகாமில் தணிக்கை (ஆட்களை எண்ணிப் பார்ப்பது) என்றால் அன்றைக்குக் கடையில் பிரைமர்கூட நகராது. பெங்களூரில் பத்து நாள் வேலை வந்தால் முதலில் அனுமதி வாங்க ஓட வேண்டும், அதற்குள் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். இதில் பலர் இங்கேயே பிறந்தவர்கள். இலங்கையைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் அப்பா அம்மா படகில் வந்தவர்கள் என்பதால் சட்டத்தின் கண்ணில் பிள்ளையும் 'சட்டவிரோதக் குடியேறி'தான்.

மசோதாவில் அகதி என்று ஒரு பிரிவே கிடையாது. 1983இலிருந்து வந்தவர்களையும், நேற்று வேலி தாண்டியவனையும் ஒரே கூடையில் போட்டிருக்கிறார்கள். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றுதான். இலங்கை இல்லை.

என் கேள்வி எளிது. பிப்ரவரி 13 அன்று புதிய வருமான வரி மசோதா வந்தது. 536 பிரிவுகள். அதைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்பிவிட்டார்கள். பைஜயந்த் பாண்டா தலைமையில் 31 எம்.பி.க்கள் உட்கார்ந்து வரிவரியாகப் படிக்கிறார்கள். நல்லது. பணத்துக்கு அவ்வளவு பொறுமை உண்டு, ஆளைப் பிடித்து உள்ளே போடும் சட்டத்துக்கு மட்டும் ஏன் இல்லை? இதையும் குழுவுக்கு அனுப்பச் சொல்லி நம்ம எம்.பி.க்கள் இருவரும் (கிருஷ்ணகிரி கோபிநாத், தருமபுரி ஆ. மணி) எழுந்து கேட்க வேண்டும். கடிதம் எழுதலாம் என்று இருக்கிறேன். யார் யார் கையெழுத்துப் போடுவீர்கள்?

---

காரிமங்கலம் ஹவில்தார் (ஓய்வு)
22 மார்ச், இரவு 10.25

தம்பி, முகாம் ஆட்கள் மேல் உனக்குள்ள பரிவு புரிகிறது. ஆனால் மசோதாவை எதிர்த்துக் கையெழுத்து என்றால் என்னிடம் வராதே.

1946 சட்டம் வெள்ளைக்காரன் போட்டது. நாலு சட்டத்தை வைத்துக்கொண்டு நாலு ஆபீசில் நாலு ரிஜிஸ்டர் பார்ப்பதை விட ஒரே சட்டம் நல்லதா இல்லையா? இந்த ஜனவரியில் திருப்பூர்ப் பக்கம் வங்கதேசத்துக்காரர்களைக் கூட்டமாகப் பிடித்தார்களே, எல்லார் கையிலும் ஆதார். அதை அச்சடித்துக் கொடுத்தவன் எவன்? அவனுக்கு ஏழு வருஷம் போதாது என்பேன்.

பட்ஜெட் பற்றியும் ஒரு வார்த்தை. பாதுகாப்புக்கு 6.81 லட்சம் கோடி என்றதும் எல்லாரும் பீரங்கி, விமானம் என்று நினைக்கிறார்கள். அதில் 1.61 லட்சம் கோடி எங்களைப் போன்றவர்களின் பென்ஷன். புதுத் தளவாடம் வாங்குகிற மூலதனச் செலவு 1.80 லட்சம் கோடிதான். அதையும் கொஞ்சம் விவாதித்திருக்கலாம், கில்லட்டின் எனக்கும் பிடிக்காது.

---

ஓசூர் நைட்ஷிப்ட்
22 மார்ச், இரவு 11.50

பிரேக்கில் இருக்கிறேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்த மசோதா முகாமுக்கு மட்டுமில்லை, ஓசூரில் வீடு வாடகைக்கு விடுகிற எல்லாருக்கும் உண்டு. வெளிநாட்டவரைத் தங்க வைத்தால் தகவல் கொடுக்க வேண்டும். கல்லூரி, ஆஸ்பத்திரியும் அப்படியே. லாட்ஜ்காரர்களுக்கு இது புதிதில்லை, ஜப்பான்காரர், கொரியாக்காரர் வந்தால் இப்போதே பதிகிறார்கள்.

என் பயம் வேறு. எங்கள் லைனில் மேற்கு வங்கம், அசாம் பையன்கள் நிறைய. மூன்று பேர் ஒரு ரூமில் இருக்கிறார்கள். பேசுவது வங்காளி. அவன் மேற்கு வங்கத்து மால்டாவா, வங்கதேசத்து டாக்காவா என்று வீட்டு ஓனருக்கு எப்படித் தெரியும்? வம்பு எதற்கு என்று 'வீடு இல்லை' என்றுதான் சொல்வார். இப்போதே எங்கள் தெருவில் அந்தப் பேச்சு தொடங்கிவிட்டது.

---

அரூர் வக்கீல்
23 மார்ச், காலை 7.15

மசோதாவை முழுக்கப் படித்தேன். சில விஷயங்களைத் தெளிவாக்கிவிடுகிறேன், இல்லாவிட்டால் இழை வேறு எங்கோ போய்விடும்.

'நான் வெளிநாட்டவன் இல்லை' என்று நிரூபிக்கும் பொறுப்பு சம்பந்தப்பட்ட ஆளின் தலையில்தான். இது புதிது அல்ல, 1946 சட்டத்தின் 9ஆம் பிரிவிலேயே இருந்தது. திருட்டு வழக்கில்கூட அரசுதான் நிரூபிக்க வேண்டும், இங்கே தலைகீழ். ஓசூர் தம்பி சொன்ன மால்டா பையன் இந்த இடத்தில்தான் மாட்டுவான்.

ஏட்டு நிலையில் இருப்பவரே வாரன்ட் இல்லாமல் கைது செய்யலாம். குடியேற்ற அதிகாரி ஒருவரை உள்ளே விட மறுத்தால் அதுவே இறுதி. மேல்முறையீட்டுக்கு வழியில்லை.

ஆனால் பெயின்ட்கடை அண்ணன் கவனிக்க வேண்டிய பிரிவு ஒன்று உள்ளே இருக்கிறது. 33. எந்த ஆளுக்கும் எந்த வகையினருக்கும் மத்திய அரசு உத்தரவு போட்டு விலக்கு கொடுக்கலாம் என்கிறது. முகாமில் பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்கு என்று அதன் கீழ் ஒரே ஒரு உத்தரவு போட்டாலே ஐந்து வருஷச் சிறை என்ற கத்தி விலகும். அதற்குக் குடியுரிமைச் சட்டத்தைத் தொட வேண்டியதே இல்லை. குடியுரிமை தனிப் போராட்டம். மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண், 1987 ஜூலை 1க்கு முன் இங்கே பிறந்தவர்கள் பிறப்பால் குடிமக்கள் என்ற விதியைக் காட்டி, உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போய்த்தான் பாஸ்போர்ட் வாங்கினார். 2024இல் ஓட்டும் போட்டார். அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்கு அந்தக் கதவும் இல்லை.

ஹவில்தார் சார், அதிகாரியின் கையில் கட்டற்ற அதிகாரம் என்றால் நான் ஏன் பதறுகிறேன் என்று கேட்பீர்கள். என் ஊரிலிருந்து வாச்சாத்தி எவ்வளவு தூரம்? 1992 ஜூன் 20, சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் போனார்கள். ஊரையே சூறையாடினார்கள். 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். பாதிக்கப்பட்டவர்கள் மீதே வழக்குப் போட்டு ஜெயிலில் அடைத்தார்கள். தருமபுரி நீதிமன்றத்தில் தீர்ப்பு வந்தது 2011 செப்டம்பர் 29. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்திருந்தார்கள், மீதி 215 பேரும் குற்றவாளிகள். உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்ய 2023 ஆகிவிட்டது. அங்கே தடா, பொடா மாதிரி பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் எதுவும் இல்லை. சாதாரணச் சட்டம், மேல்முறையீடு எல்லாம் இருந்தே 19 வருஷம்.

---

காரிமங்கலம் ஹவில்தார் (ஓய்வு)
23 மார்ச், காலை 8.05

வக்கீல் சார், வாச்சாத்தியைக் கொண்டுவந்து இதில் கலக்காதீர்கள். அது சீருடையில் வந்த குற்றம். அதற்குச் சட்டத்தைக் குறை சொல்வது நியாயமில்லை.

33ஆம் பிரிவு பற்றிச் சொன்னது எனக்குப் புதுச் செய்தி. யோசிக்கிறேன்.

---

பாலக்கோடு தக்காளி
23 மார்ச், காலை 11.30

எல்லாரும் பெரிய விஷயம் பேசுகிறீர்கள். பட்ஜெட் என்று தலைப்பில் போட்டிருப்பதால் வந்தேன். எங்கம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறது. நவம்பர் கடைசியிலிருந்து கூலி வரவில்லை. பேங்க் பாஸ்புக்கை ஒவ்வொரு செவ்வாயும் என்ட்ரி போட்டுப் பார்க்கிறது. கடைசி வரி 319 ரூபாய்க் கணக்கில் வந்த ஒரு வாரத்துக் கூலி, அதற்குக் கீழே வெள்ளைத்தாள்.

சட்டப்படி 15 நாளில் கூலி தர வேண்டும். தாமதமானால் நாளுக்கு 0.05 சதவீதம் இழப்பீடு உண்டு. ஆயிரம் ரூபாய்க்கு அம்பது பைசா! அதையும் வாங்கியவர்கள் யாராவது இருந்தால் கை தூக்குங்கள், காலில் விழுகிறேன்.

போன வருஷம் இந்தத் திட்டத்துக்கு ஒதுக்கியது 86,000 கோடி. இந்த வருஷமும் அதே 86,000 கோடி. விலைவாசி ஏறவில்லையா? போன வருஷப் பாக்கியை இந்த வருஷப் பணத்தில் தீர்த்தால், இந்த வருஷ வேலைக்கு எங்கே போவார்கள்? கில்லட்டின் போட்டதில் அடிபட்டது இதுதான். உள்துறைக்கு 2.33 லட்சம் கோடி, அதில் ஒரு நாள் தாமதம் ஆகுமா?

---

மொரப்பூர் பயணி
23 மார்ச், மதியம் 2.10

மத்திய அரசைத் திட்டுவது ஈசி. நூறு நாள் வேலையில் தமிழ்நாடு வாங்குகிற பணம், மக்கள்தொகையில் மூன்று மடங்கு இருக்கிற உத்தரப் பிரதேசத்துக்குக் கிட்டத்தட்ட சமம். அதையும் சொல்லுங்கள்.

தருமபுரி–மொரப்பூர் ரயில் பாதை 36 கிலோமீட்டர். 2016–17 பட்ஜெட்டிலேயே வந்துவிட்டது. டெல்லி பணம் ஒதுக்கவில்லை என்று சென்னை, சென்னை நிலம் எடுத்துத் தரவில்லை என்று டெல்லி. அந்தக் காலத்தில் வெள்ளைக்காரன் ஓட்டிய சின்ன ரயிலை 1941இல் நிறுத்தினார்கள், இன்னும் பஸ்தான். பட்ஜெட்டில் ஒரு வரி வந்தாலே வேலை நடந்துவிடும் என்று நம்புகிறவர்கள் எங்கள் ஊருக்கு ஒருமுறை வாருங்கள்.

---

பாலக்கோடு தக்காளி
23 மார்ச், மதியம் 2.22

@மொரப்பூர் பயணி, உ.பி.யில் கேட்கிற ஆளுக்கு வேலை கொடுக்கவில்லை என்றால் அது அவர்கள் பிரச்சினை. வேலை கேட்டால் கொடுக்க வேண்டும் என்பதுதான் அந்தச் சட்டமே. ஆள்தொகைக்குப் பங்கு போட இது ரேஷன் சர்க்கரை இல்லை. எங்கம்மா வெட்டிய குளத்தில் மண் வெட்டியாகிவிட்டது, உ.பி. கணக்கைச் சொன்னால் குழி மூடிக்கொள்ளுமா?

---

மொரப்பூர் பயணி
23 மார்ச், மதியம் 2.40

அம்மா கூலி வர வேண்டும், அதில் சண்டை இல்லை அண்ணா. ரயிலும் வர வேண்டும்.

---

நெறியாளர்
23 மார்ச், மாலை 6.00

முகாம் மக்களைப் பற்றித் தரக்குறைவாக வந்த ஒரு பதிவை நீக்கியிருக்கிறேன். கருத்து மாறுபடலாம். ஆளைப் பேசக் கூடாது.

---

அணையோரம்
24 மார்ச், இரவு 8.30

எல்லாருக்கும் வணக்கம். நான் முகாமில்தான் இருக்கிறேன், எந்த முகாம் என்று சொல்லவில்லை. இந்த இரண்டு மாவட்டத்திலும் அணை இருக்கிற இடமாகப் பார்த்துத்தான் எங்களை வைத்திருக்கிறார்கள். கெலவரப்பள்ளி, பாம்பாறு, நாகாவதி, எல்லாமே அப்படித்தான்.

அப்பா அம்மா 1990இல் மன்னாரிலிருந்து வந்தார்கள். நான் இங்கே பிறந்தேன், இங்கே படித்தேன், கல்யாணமும் இங்கேதான். 2021இல் மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றினார்கள், மாநில அரசு வீடும் கட்டிக்கொடுத்தது. பணக்கொடையைக் குடும்பத் தலைவருக்கு 1,500 ஆக்கினார்கள். அதற்கெல்லாம் நன்றி உண்டு. ஆனால் அந்த வீடு என் பெயரில் இல்லை, நான் சம்பாதித்து ஒரு சென்ட் நிலம் வாங்கினாலும் என் பெயரில் பதிய முடியாது. வண்டியை நண்பன் பெயரில் வைத்திருக்கிறேன். அவன் நல்லவன், அதனால் ஓடுகிறது.

ஹவில்தார் ஐயா, நீங்கள் சொல்வதில் எனக்குக் கோபம் இல்லை. கள்ளப் பாஸ்போர்ட் கொடுக்கிறவனால் முதலில் அடிபடுவது நாங்கள்தான். எங்கள் ஆட்கள் எத்தனை பேர் வெளிநாடு அனுப்புகிறேன் என்றவனிடம் நகையை விற்றுக் கொடுத்து ஏமாந்தார்கள். கியூ பிரிவு போலீஸ் விசாரணை வந்தால் ஏமாற்றியவன் இருக்க மாட்டான், ஏமாந்தவன்தான் பெஞ்சில் உட்கார்ந்திருப்பான்.

போன நாடாளுமன்றத் தேர்தலுக்கு முன்னால் பள்ளிக்கூடச் சுவரில் வாக்குச்சாவடி எண்ணை எழுதியது நான்தான். சுண்ணாம்பு அடித்து, நூல் கட்டி, நீல பெயின்டில். ஸ்கூல் வாத்தியார் 'எழுத்து அழகா இருக்குப்பா' என்றார். ஓட்டுப் போடுகிற அன்று கடை எல்லாம் லீவு, நானும் வேலைக்குப் போகவில்லை.

குடியுரிமை உடனே கேட்கவில்லை. வக்கீல் ஐயா சொன்ன 33ஆம் பிரிவு உத்தரவு வந்தாலே ராத்திரி நிம்மதியாகத் தூங்குவேன்.

---

காரிமங்கலம் ஹவில்தார் (ஓய்வு)
24 மார்ச், இரவு 9.15

தம்பி, படித்தேன். நாளைக்கு எழுதுகிறேன்.

---

பாலக்கோடு தக்காளி
25 மார்ச், இரவு 7.45

இன்று மக்களவையில் நூறு நாள் கூலியைக் கனிமொழி கேட்டார், 4,034 கோடி பாக்கி என்று. பதிலுக்கு இணையமைச்சர் சொன்னது அப்படியே மொரப்பூர் பயணி சொன்ன உ.பி. கணக்கு! அண்ணா, நீங்கள் எந்த ஆபீசில் வேலை செய்கிறீர்கள்?

நிதி மசோதாவும் இன்றே நிறைவேறியது, அரசே கொண்டுவந்த 35 திருத்தத்தோடு. அவர்கள் மசோதாவுக்கு அவர்களே 35 திருத்தம் போடலாம். நாம் ஒன்று கேட்டால் நேரமில்லை.

---

மொரப்பூர் பயணி
25 மார்ச், இரவு 8.00

ஆபீசா? டீக்கடையில் பேப்பர் படிக்கிறேன் அண்ணா, அவ்வளவுதான்.

---

காரிமங்கலம் ஹவில்தார் (ஓய்வு)
26 மார்ச், காலை 6.20

சொன்னபடி எழுதுகிறேன். மசோதா வேண்டும் என்ற என் நிலையில் மாற்றமில்லை. தேர்வுக் குழு என்று இழுத்தடித்தால் மழைக்காலக் கூட்டத்தொடர் வரை போகும், அதற்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

ஆனால் 33ஆம் பிரிவில் உத்தரவு போடச் சொல்லிக் கேட்பது வேறு. முகாமில் இருப்பவர் பெயர், கைரேகை, போட்டோ எல்லாம் அரசிடம் இருக்கிறது. மாதா மாதம் எண்ணிப் பார்க்கிறார்கள். பாதுகாப்பு என்ற கண்ணோடு பார்த்தாலும் இவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டியதில்லை. யார் எங்கே என்று தெரியாதவனைத் தேடத்தான் போலீஸ் வேண்டும். கடிதத்தில் 'மசோதாவை எதிர்க்கிறோம்' என்ற வார்த்தை இல்லாமல், விலக்கு உத்தரவு மட்டும் கேட்டால் என் பெயரையும் ரேங்கையும் போட்டுக்கொள்ளுங்கள்.

---

அரூர் வக்கீல்
26 மார்ச், காலை 9.00

சார், மகிழ்ச்சி. எனக்குக் குழுவும் வேண்டும், உத்தரவும் வேண்டும். இரண்டு கடிதமாகப் போட்டால் என்ன? ஒன்றில் நான், ஓசூர் தம்பி போன்றவர்கள். இன்னொன்றில் எல்லாரும்.

---

ஊத்தங்கரை பெயின்ட்கடை
27 மார்ச், இரவு 10.10

வெளிநாட்டினர் மசோதா மக்களவையில் இன்று குரல் ஓட்டில் நிறைவேறிவிட்டது. குழுவுக்கு அனுப்பச் சொல்லி எதிர்க்கட்சிகள் கேட்டதை ஏற்கவில்லை. நாடு தர்மசத்திரம் இல்லை என்று அமித் ஷா பேசினார். வியாபாரத்துக்கும் படிப்புக்கும் சுற்றுலாவுக்கும் வருகிறவர்களை வரவேற்கிறோம், அச்சுறுத்தலாக வருகிறவர்கள் மீதுதான் நடவடிக்கை என்றும் சொன்னார். இந்த இரண்டு வகையிலும் சேராத ஆட்கள் என் கடைக்குக் காலையில் ரோலர் வாங்க வந்தார்கள்.

அதனால் முதல் கடிதத்துக்கு இனி அர்த்தமில்லை. மக்களவை எம்.பி.க்கள் இருவருக்கும் நகல் மட்டும் போகட்டும். அடுத்தது மாநிலங்களவை. தமிழ்நாட்டுக்கு அங்கே 18 பேர். நமக்கு ஒட்டும் உறவும் உள்ள இருவர் அதில் இருக்கிறார்கள். 2014இல் தருமபுரியில் ஜெயித்த அன்புமணி, அப்புறம் நம்ம பர்கூர்ப் பக்கத்து தம்பிதுரை. ஒருவர் கட்சி டெல்லியோடு கூட்டணியில் இருக்கிறது. இன்னொருவர் கட்சித் தலைவர் இரண்டு நாள் முன்புதான் அமித் ஷாவைப் பார்த்துவிட்டு வந்தார். ஆளும் தரப்பு காது கொடுக்கக்கூடிய ஆட்கள் கேட்டால் பலன் உண்டு. வைகோவுக்கும் ஒன்று அனுப்பலாம். 2002இல் பொடாவில் 19 மாதம் உள்ளே இருந்தவர், பாதுகாப்புச் சட்டம் எப்படி வளையும் என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

---

பாலக்கோடு தக்காளி
28 மார்ச், காலை 8.40

நூறு நாள் கூலியை ஏப்ரல் 1 முதல் 336 ஆக்கியிருக்கிறார்கள். 17 ரூபாய் ஏற்றம். அம்மாவிடம் சொன்னேன். 'முதல்ல பழசைக் கொடுக்கச் சொல்லு' என்றது.

கடிதத்தில் என் பெயரையும் போடுங்கள். கூலி பாக்கியையும் கடைசியில் ஒரு வரி சேர்க்க முடியுமா?

---

அரூர் வக்கீல்
28 மார்ச், காலை 9.30

தனிக் கடிதமாகப் போடுவோம் தம்பி. இரண்டையும் கலந்தால் எந்த அமைச்சகத்துக்கு அனுப்புவது என்று அங்கே இருப்பவர் யோசித்து இரண்டையும் ஓரம் கட்டிவிடுவார். உங்கள் கடிதத்தை நான் எழுதித் தருகிறேன், 0.05 சதவீதக் கணக்கையும் போட்டு. வேலை அட்டை நகலும் பாஸ்புக் கடைசிப் பக்கமும் அனுப்புங்கள்.

---

காரிமங்கலம் ஹவில்தார் (ஓய்வு)
28 மார்ச், காலை 10.05

விலக்குக் கடிதத்தின் முதல் வரியில் 'முகாம்களில் அரசுப் பதிவேட்டில் உள்ளவர்களுக்கு மட்டும்' என்று தெளிவாக இருக்க வேண்டும். அதை விட்டால் டெல்லியில் படிக்கவே மாட்டார்கள்.

---

ஊத்தங்கரை பெயின்ட்கடை
28 மார்ச், மதியம் 1.15

போட்டுவிட்டேன் சார். உங்கள் வரிதான் முதல் வரி. ஞாயிற்றுக்கிழமை காலை கடையில் கடிதம் இருக்கும், வந்து கையெழுத்துப் போடலாம். அணையோரம் தம்பி, நீங்கள் கையெழுத்துப் போட வேண்டாம், அனுபவத்தை மட்டும் பெயர் இல்லாமல் ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள், இணைத்துவிடுகிறேன்.

தம்பிதுரைக்கு ஆங்கிலத்தில் அனுப்பவா, தமிழில் அனுப்பவா?

---

ஓசூர் நைட்ஷிப்ட்
28 மார்ச், மதியம் 1.40

பர்கூரில் எம்.எல்.ஏ.வாக இருந்தவருக்கு எதற்கண்ணா ஆங்கிலம்? தமிழிலேயே அனுப்புங்கள். ஞாயிறு எனக்கு ஷிப்ட் இல்லை, பத்து மணிக்கு வந்துவிடுகிறேன்.